டிப்மன் ரெஸ்பான்ஸ் ட்ரிகர் டியூனிங்: அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

சவுத் ஆஃப்ரிக்காவுல டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், அந்தப் பக்கம் ஜோபர்க் லெனேசியா வரைக்கும் பெயிண்ட்பால் ஆடற நம்ம ஆளுங்க நெறைய பேர் கையில பழைய டிப்மன் 98 கஸ்டம் கன்தான் இருக்கு. அதுல ரெஸ்பான்ஸ் ட்ரிகர் கிட்டை (ட்ரிகரைக் கேஸ் அழுத்தத்துல தானா முன்னால தள்ளி வேகமா சுட வெக்கற சாமான்) போட்டுட்டு "அண்ணா, துள்ள மாட்டேங்குது", "அண்ணா, ஓவரா துள்ளுது"ன்னு ஒரே கேள்விய வாட்ஸ்அப்ல மாத்தி மாத்தி கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு மாளல, அதனால மொத்தமா இங்க எழுதிட்டேன். ரெஸ்பான்ஸ் ட்ரிகரை சுருக்கமா ஆர்டின்னு சொல்றேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், ஆர்டி பிரச்சினைன்னு எங்கிட்ட வர்றதுல பெரும்பாலானது ஆர்டி பிரச்சினையே கிடையாது, கன்னோட பிரச்சினை, இல்லாட்டி கேஸ் பிரச்சினை.

ஆர்டி உள்ள என்னதான் பண்ணுது?

முதல்ல 98 எப்படி சுடுதுன்னு தெரியணும். நீங்க ட்ரிகரை இழுத்ததும் சியர்ங்கற கொக்கி பின்பக்க போல்ட்டை (பின் போல்ட்) விட்டுடும், ஸ்ப்ரிங் அதை முன்னால தள்ளும், போற வேகத்துல முன் போல்ட் பாலை (பெயிண்ட் உருண்டையை) பேரலுக்குள்ள தள்ளிட்டு, பின் போல்ட் வால்வை அடிக்கும். வால்வு தொறந்ததும் கேஸ் ரெண்டு பக்கமும் பாயும், முன்பக்கம் போறது பாலை அடிச்சு அனுப்பும், பின்பக்கம் போறது பின் போல்ட்டைத் திருப்பித் தள்ளி சியர்ல மாட்ட வெக்கும். இது புளோபேக். அடுத்த ஷாட் வேணும்னா நீங்க ட்ரிகரை விட்டே ஆகணும், அப்பத்தான் ட்ரிகரும் சியரும் மறுபடி ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும்.

ஆர்டி இந்த "விடறது"ங்கற வேலையை மட்டும் உங்களுக்காகப் பண்ணுது. புளோபேக் வேலை முடிஞ்ச மிச்ச கேஸ்ல கொஞ்சத்தை ஒரு சின்ன ஓஸ் (குழாய்) வழியா எடுத்து, ட்ரிகருக்குப் பின்னால இருக்கற குட்டி சிலிண்டருக்குள்ள விடுவாங்க. பிஸ்டன் வெளிய வந்து ட்ரிகரை முன்னால தள்ளும், கூடவே உங்க விரலையும் தள்ளும். கேஸ் வடிஞ்சதும் உங்க விரல் இன்னும் அழுத்திட்டே இருக்கறதால ட்ரிகர் மறுபடி பின்னால போகும், அடுத்த ஷாட். எவ்வளவு கேஸ் சிலிண்டருக்குப் போகணும்னு அளக்கறதுக்கு நடுவுல ஒரு நீடில் வால்வு இருக்கு. டியூனிங்னு நாம சொல்றது முழுக்க அந்த ஒரு ஸ்க்ரூதான், பேட்டரி இல்ல, போர்டு இல்ல.

அப்போ இது ஃபுல் ஆட்டோதானே? போலீஸ் பிரச்சினை வருமா?

ஃபுல் ஆட்டோ இல்ல. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ட்ரிகர் ஒருதரம் முன்னால வந்து ஒருதரம் பின்னால போகுது, மெக்கானிக்கலா பாத்தா செமி ஆட்டோதான், ஒரு இழுப்புக்கு ஒரு ஷாட். ஆனா பாக்கறவன் காதுக்கு ஃபுல் ஆட்டோ மாதிரிதான் கேக்கும், அதனால சில ஃபீல்டுல ஆர்டி வேணாம்னு சொல்லிடுவாங்க, அங்க போய் "இது செமி"ன்னு வாதம் பண்ணாதீங்க, ஃபீல்டு அவங்களோடது. நீடில் வால்வை முழுசா மூடிட்டு சாதாரண 98 மாதிரி ஆடலாமான்னு கேளுங்க, ஒத்துக்கிட்டா ஆடுங்க, இல்லைன்னா வாடகை கன் எடுத்துக்கோங்க.

சட்டம்னு பாத்தா, சவுத் ஆஃப்ரிக்காவோட ஃபயர்ஆர்ம்ஸ் கன்ட்ரோல் ஆக்ட், 2000ம் வருஷத்து 60ம் சட்டம், அதோட 5ம் செக்ஷன்ல எதெல்லாம் ஃபயர்ஆர்ம் கிடையாதுன்னு ஒரு லிஸ்ட் இருக்கு, பெயிண்ட்பால் கன் அதுல இருக்கு. லைசென்ஸ் வேணாம். அதுக்காக பாக்கியோட (பிக்கப் வண்டியோட) பின்னால தொறந்து போட்டு என்2 ஹைவேல ஓட்டாதீங்க, கறுப்பு கலர் 98 தூரத்துலேர்ந்து பாத்தா என்னவா தெரியும்னு உங்களுக்கே தெரியும். பைக்குள்ள, பேரல் ஸ்லீவ் (பேரல் வாயை மூடற உறை) போட்டு, டேங்கைக் கழட்டி வெச்சுக் கொண்டு போங்க.

ஸ்க்ரூவைத் தொடறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. வரிசையா பண்ணுங்க.

கண்ணாடி போடுங்க, வீட்டு கராஜ்லயா இருந்தாலும் சரி. வெல்டிங் கண்ணாடி, சைக்கிள் கண்ணாடி எல்லாம் இல்ல, ஏஎஸ்டிஎம் எஃப்1776 தரம்னு போட்ட பெயிண்ட்பால் மாஸ்க். உள்ள தொறக்கணும்னா முதல்ல ஹாப்பரை (மேல இருக்கற பால் டப்பாவை) எடுங்க, டேங்கைக் கழட்டுங்க, ஆபத்தில்லாத பக்கம் திருப்பி மிச்ச கேஸ் தீர்ற வரைக்கும் சுட்டுடுங்க, அப்புறம்தான் ஆலன் கீ.

அடுத்தது நீடில் வால்வை முழுசா மூடிடுங்க, அதாவது ஆர்டி இல்லாத கன்னா ஆக்கிடுங்க. இப்போ சாதாரண 98 மாதிரி விரலால ஒவ்வொண்ணா சுடுங்க. ஒவ்வொரு தடவையும் சரியா காக் ஆகுதா, அதாவது பின் போல்ட் சியர்ல மாட்டுதா? சத்தம் ஒரே மாதிரி இருக்கா? கிரோனோல (பால் வேகம் அளக்கற மீட்டர்ல) நம்பர் பக்கத்துப் பக்கத்துல விழுதா? இங்கயே 230, 290, 250ன்னு குதிச்சா ஆர்டியைத் தொறந்து ஒரு பிரயோஜனமும் இல்ல. மிச்ச கேஸை வெச்சு வேலை செய்யற சாமானுக்கு, ஒவ்வொரு ஷாட்டும் வேற வேற மிச்சம் அனுப்பினா அது என்னதான் பண்ணும்?

வெலாசிட்டியை முதல்ல செட் பண்ணுங்க. 98ல இடது பக்கம் இருக்கற ஸ்க்ரூ, உள்ள திருப்பினா குறையும், வெளிய எடுத்தா கூடும். செகண்டுக்கு 300 அடி (எஃப்பிஎஸ்), அதாவது 91 மீட்டர், அதுதான் பொதுவா உச்ச வரம்பு, நெறைய ஃபீல்டுல 280 கேப்பாங்க. அந்த நம்பர் ஃபிக்ஸ் ஆன பின்னாடிதான் ஆர்டி. ஆர்டி டியூன் பண்ணிட்டு அப்புறம் வெலாசிட்டியை மாத்தினா ஆர்டி ட்யூன் கெட்டுப் போகும், திரும்ப முதல்லேர்ந்து.

சரி, ஸ்க்ரூவை எப்படி திருப்பறது?

மூடின இடத்துலேர்ந்து ஆரம்பிச்சு கால் சுத்து, கால் சுத்தா வெளிய எடுங்க. ஒவ்வொரு கால் சுத்துக்கும் அஞ்சாறு ஷாட் சுட்டுப் பாருங்க. முதல்ல ஒண்ணும் தெரியாது. அப்புறம் ட்ரிகர் உங்க விரல்ல லேசா தட்டும், ஆனா முழுசா முன்னால வராது. இன்னும் கொஞ்சம் தொறந்தா விரலை முன்னால தள்ளி விட்டு சியர் "டிக்"னு மாட்டற சத்தம் கேக்கும். அந்த இடம் வந்ததும் கால் சுத்து வேணாம், அதுக்கும் பாதி, இன்னும் பாதின்னு போங்க.

எங்க நிறுத்தணும்னா, விரல் ஒரே அழுத்தத்துல இருக்கும்போது கன் தானா ஒரே தாளத்துல ஓடணும், விரலைக் கொஞ்சம் லேசாக்கினா உடனே நிக்கணும். அந்த ரெண்டும் நடக்கற இடத்துலேயே, அதுலயும் எவ்வளவு கம்மியா தொறக்க முடியுமோ அவ்வளவு கம்மியில நிறுத்துங்க. அதிகமா தொறந்தா வேகம் கூடும்னு எல்லாரும் நெனக்கறாங்க, ஒரு கட்டத்துக்கு மேல நேர்மாறா ஆகும், அது கீழ சொல்றேன்.

முதல் கட்ட டியூனை பால் இல்லாம பண்ணலாம், பெயிண்ட் மிச்சம். கடைசி கட்டம் கட்டாயம் பால் போட்டுத்தான் பண்ணணும், ஏன்னா பேரல்ல பால் இருக்கும்போது கேஸ் முன்னால போக எதிர்ப்பு இருக்கும், பின்னால வர்ற பங்கு மாறும். வீட்டுல சும்மா சுட்டுப் பாத்து செட் பண்ணிட்டு ஃபீல்டுல வந்து "நேத்து நல்லா இருந்துச்சே"ன்னு நிக்கறவங்க எல்லாம் இந்த ரகம்தான்.

செட் ஆனதும் ஸ்க்ரூ தலையிலயும் பக்கத்து பாடியிலயும் சேத்து ஒரு கோடு நெயில் பாலிஷ் வெச்சிடுங்க. அதிர்ச்சியில ஸ்க்ரூ நகந்தா கோடு விலகி நிக்கும், பாத்ததும் தெரிஞ்சிடும். அக்காகிட்ட கேட்டுட்டு எடுங்க.

விரல் எப்படி வெக்கணும்? எனக்கு மட்டும் துள்ள மாட்டேங்குது, ஃப்ரெண்டு சுட்டா துள்ளுது.

கன் ஒண்ணு, ஆள் வேற, ரிசல்ட் வேறன்னா விரல்தான். நீங்க இறுக்கிப் பிடிச்சு அமுக்கறீங்க. பிஸ்டன் உங்க விரலோட சண்டை போட்டுத்தான் ட்ரிகரை முன்னால கொண்டு வரணும், நீங்க முழு பலத்துல பிடிச்சா அது தோத்துப் போகும், ஒரே ஷாட்டோட நின்னுடும். விரல் நுனியால, ட்ரிகரோட கீழ்ப் பாதியில, கதவு பெல்லை அமுக்கற அளவுக்கு மட்டும் அழுத்தி அங்கேயே வெச்சிருங்க. இழுக்காதீங்க, வெச்சிருங்க. கிரிப்பை மத்த மூணு விரலால உறுதியா பிடிச்சு ட்ரிகர் விரலை மட்டும் தளர விடணும், அதுக்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேணும். தடியான கிளவுஸ் போட்டா இது வரவே வராது, விரல் நுனி வெட்டின கிளவுஸ் போடுங்க.

இன்னொருத்தர் கன்னை உங்க விரலுக்கு டியூன் பண்ணாதீங்க. யார் ஆடறாங்களோ அவங்க விரலுக்குத்தான்.

ட்ரிகர் முன்னால வந்து கல்லு மாதிரி நிக்குது, இழுக்கவே முடியல.

அதிகமா தொறந்துட்டீங்க. சிலிண்டர்ல தேவைக்கு மேல கேஸ் போகுது, அது வடியற வரைக்கும் பிஸ்டன் வெளியவே நிக்குது, நீங்க அதை எதிர்த்து இழுக்கறீங்க. மேல சொன்ன நேர்மாறு இதுதான். பாதி சுத்து மூடிப் பாருங்க.

மூடியும் அப்படியே இருந்தா பிஸ்டன் உள்ள சிக்குது. கேஸ் எடுத்துட்டு கன்னைத் தொறந்து சிலிண்டரை வெளிய எடுங்க. பிஸ்டனை விரலால தள்ளுங்க, தயங்காம வழுக்கிட்டுப் போகணும். அப்புறம் ஓஸ் மாட்டற ஓட்டையை இன்னொரு விரலால அடைச்சுட்டு பிஸ்டனை வெளிய இழுத்து விடுங்க. நல்ல ஓ-ரிங்னா (கேஸ் கசியாம அடைக்கற வளையம்) பிஸ்டன் தானா உள்ள திரும்பப் போகும், ஊசி போடற சிரிஞ்சை அடைச்சுட்டு இழுத்தா எப்படி இழுபடுமோ அதே. திரும்பப் போகலன்னா ஓ-ரிங் போச்சு, இல்ல காஞ்சு கெடக்கு. அடைச்சு வெச்சும் மணல் மாதிரி நெறநெறன்னு இருந்தா அழுக்கு, பெயிண்ட் உள்ள போய் காஞ்சிருக்கும், வெதுவெதுப்பான தண்ணில கழுவி, நல்லா காய வெச்சு, ஒரு பருக்கை அளவு கிரீஸ்.

ஒண்ணுமே துள்ளல. எவ்வளவு தொறந்தாலும் சாதாரண கன் மாதிரியே இருக்கு.

எங்கிட்ட வர்ற எல்லாரும் முதல்ல சந்தேகப்படறது சிலிண்டரை, ஆனா நான் முதல்ல பாக்கறது ஓஸ். 98 ரெண்டு பாதியா பிரியற கன், கிட் போட்டுட்டு மூடும்போது அந்த மெல்லிசு ஓஸ் ரெண்டு பாதிக்கும் நடுவுல மாட்டி நசுங்கிடும். வெளியேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது, ஸ்க்ரூ எல்லாம் ஒழுங்கா இறுகியிருக்கும், உள்ள ஓஸ் தட்டையா ஒட்டிக் கெடக்கும். தொறந்து பாருங்க, நசுங்கின எடத்துல நகத்தை வெச்சு ஓட்டினா ஒரு கோடு தட்டுப்படும், வெள்ளையாவும் தெரியும். அந்த ஓஸை நிமித்தி மறுபடி போடாதீங்க, மாத்துங்க. மூடும்போது முழுசா மூடறதுக்கு முன்னாடி ஒரு டார்ச் அடிச்சு ஓஸ் அதோட பள்ளத்துல உக்காந்திருக்கான்னு பாத்துட்டு, ஸ்க்ரூவை ஒரே பக்கமா இறுக்காம மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.

ஓஸ் நல்லா இருந்தா ஓஸோட ரெண்டு முனையிலயும் கசிவு இருக்கான்னு பாருங்க. அப்புறம் சிலிண்டர் ஓ-ரிங்.

முதல் மூணு நாலு ஷாட் ஜம்முனு துள்ளுது, அப்புறம் செத்துப் போகுது.

டேங்குல இருக்கறது சிஓ2வா (கார்பன் டை ஆக்சைடு)? அதான். ஆர்டி வேகமா கேஸ் குடிக்கும். டேங்குக்குள்ள திரவம் கேஸா மாறும்போது சூட்டை இழுத்துக்கும், வேகமா சுட்டா டேங்க் குளுந்து போகும், அழுத்தம் எறங்கும். 20 டிகிரில சிஓ2 சுமார் 57 பார் அழுத்தத்துல இருக்கும், 10 டிகிரில 45, 0 டிகிரில 35. இந்த எறக்கம்தான் உங்க துள்ளலைக் கொல்லுது. டேங்குல பனி பிடிச்சு வெள்ளையா இருந்தா கேக்கவே வேணாம், நிறுத்தி சூடாக விடுங்க. கன்னைத் தலைகீழாவோ டேங்க் மேல் பக்கமாவோ சாய்ச்சு சுடாதீங்க, திரவமே உள்ள போயிடும், ஓ-ரிங் வெறைச்சுப் போகும்.

காத்து டேங்க்லயும் இதே ஆச்சுன்னா டேங்க் வால்வு முழுசா தொறக்கலை, இல்ல டேங்க் காலியாகப் போகுது, இல்ல ரெகுலேட்டர் (வெளிய வர்ற அழுத்தத்தை ஒரே அளவுல வெக்கறது) மெதுவா ரீசார்ஜ் ஆகுது.

விரலை எடுத்தும் தானா சுட்டுட்டே இருக்கு!

உடனே நிறுத்துங்க. டேங்கைக் கழட்டுங்க, முகத்தை பேரலுக்கு முன்னால கொண்டு போகாதீங்க. இது ஆர்டி "நல்லா" வேலை செய்யறது இல்ல, சியர் பின் போல்ட்டைப் பிடிக்கலைன்னு அர்த்தம். சியர் முனை தேஞ்சிருக்கும், இல்ல சியர் ஸ்ப்ரிங் தளந்திருக்கும், இல்ல கேஸ் கம்மியாகி பின் போல்ட் சியர் வரைக்கும் போகாம நடுவுலயே ஆடிட்டு இருக்கும், அப்போ "பர்ர்ர்"னு ஒரு சத்தம் வரும், பால் பத்தடி தள்ளி விழும். டேங்க் காலியானதால வந்ததுன்னா ஃபுல் டேங்க்ல போயிடும். ஃபுல் டேங்க்லயும் வந்தா சியரையும் ஸ்ப்ரிங்கையும் புதுசா போடற வரைக்கும் அந்த கன்னை வெளிய எடுக்காதீங்க. சியரை அரம் போட்டு கூராக்கறேன்னு யாராவது சொன்னா கொடுக்காதீங்க.

டியூன் நல்லா இருக்கு, ஆனா பேரல் முழுக்க பெயிண்ட் கஞ்சி.

ட்ரிகர் வேகமாயிடுச்சு, ஹாப்பர் வேகமாகல. பால் தன் எடையில விழற சாதாரண ஹாப்பர் செகண்டுக்கு ஆறேழு பால் போடறதே பெரிய விஷயம், ஆர்டி அதைத் தாண்டிப் போகும். பாதி விழுந்த பாலை போல்ட் கத்தரிச்சிடும். மோட்டார் வெச்ச ஹாப்பர் வாங்குங்க, இல்ல ஆர்டியைக் குறைச்சு டியூன் பண்ணுங்க. கிட் வாங்கற காசுல முதல்ல ஹாப்பர் வாங்கியிருக்கணும்னு நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, ட்ரிகர்தான் ஜோர்.

பெயிண்டையும் பாருங்க. பாலோட ஓடு ஜெலட்டின், ஈரத்தை உறிஞ்சும். டர்பன் பிப்ரவரி மாசத்துல பேக்கெட்டைத் தொறந்து வெச்சா ஒரே நாள்ல ஊதி, மெத்துன்னு ஆகி, பேரல்ல மாட்டும். ஜோபர்க் பக்கத்து ஹைவெல்டு மேட்டுநிலக் குளிர்காலத்துல அதே பால் காஞ்சு மொறுமொறுன்னு உள்ளேயே உடையும். ஜிப் பையில போட்டு மூடி, வீட்டுக்குள்ள நிழல்ல வைங்க.

டர்பன்ல அருமையா இருந்துச்சு, ஜூலைல ஜோபர்க் மேட்சுக்குப் போனா வேலையே செய்யல.

ஜோஹனஸ்பர்க் கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், எல்லாரும் அதைத்தான் குத்தம் சொல்றாங்க. நெஜ வில்லன் குளிர். ஜூலை காலைல அங்க புல்லு மேல பனி ஒறைஞ்சு கெடக்கும், டர்பன்ல அதே நேரம் டீ-ஷர்ட்ல நிக்கலாம். சிஓ2 நம்பர் மேல குடுத்திருக்கேன், பாத்துக்கோங்க. போன எடத்துல முதல்ல கிரோனோ, அப்புறம் ஆர்டி, மத்தியானம் வெயில் ஏறினதும் மறுபடி கிரோனோ. காலைல குளிர்ல 280க்கு செட் பண்ணின கன் மத்தியானம் 300ஐத் தாண்டும், மார்ஷல் (ரெஃப்ரி) வெளிய அனுப்பிடுவாரு.

எதிர்ப்பக்கமும் இருக்கு. டர்பன் வெயில்ல பூட்டின காருக்குள்ள சிஓ2 டேங்கை வெச்சுட்டு பீச்சுக்குப் போயிடாதீங்க. 31 டிகிரிக்கு மேல சிஓ2 திரவமாவே இருக்க முடியாது, அழுத்தம் வேகமா ஏறும், அதுலயும் டேங்க் ஓவரா நிரப்பியிருந்தா பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் மிஞ்சினா கிழியற பாதுகாப்புத் தகடு) வெடிச்சு மொத்தமும் வெளிய பீச்சியடிக்கும். 20 அவுன்ஸ் டேங்க்ல 567 கிராம், அதுக்கு மேல ஒரு கிராம் கூட வேணாம், தராசுல வெச்சு நிரப்பறவங்ககிட்ட நிரப்புங்க.

அப்போ காத்துக்கு மாறிடலாமா? டைவிங் கடையில நிரப்பலாமா?

ஆர்டி வெச்சிருக்கறவங்களுக்கு என் பதில் ஆமாம்தான். ரெகுலேட்டர் வெச்ச காத்து டேங்க் 800, 850 பிஎஸ்ஐ அழுத்தம்னு ஒரே அளவுல வெளிய விடும், காலைலயும் மத்தியானமும் ஆர்டி ஒரே மாதிரி துள்ளும். 450 பிஎஸ்ஐ லோ பிரஷர் டேங்க் வாங்கிடாதீங்க, 98க்கு அது பத்தாது.

டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸ் பக்கம், அலிவால் ஷோல் கடல் திட்டுக்கு டைவ் பண்ணப் போறவங்களுக்காக காம்ப்ரசர் வெச்ச கடைங்க இருக்கு. 3,000 பிஎஸ்ஐ டேங்க்னா 207 பார், டைவிங் சிலிண்டர் அளவுதான், அதனால சுலபம். 4,500 பிஎஸ்ஐ டேங்க்னா 310 பார், அந்த அளவுக்கு ஏத்தற காம்ப்ரசர் எல்லா கடையிலயும் இருக்காது, பாதி நிரப்பிக்கிட்டு வரணும். ஃபில் அடாப்டர் நீங்களே கொண்டு போங்க. சிலிண்டர் மேல அடிச்சிருக்கற டெஸ்ட் தேதியைக் கேப்பாங்க, காலாவதின்னா நிரப்ப மாட்டாங்க, அது சரிதான். முக்கியமா சாதாரண காத்துன்னு சொல்லிக் கேட்டு நிரப்புங்க, டைவிங் கடையில நைட்ராக்ஸும் இருக்கும். அதுல ஆக்ஸிஜன் அதிகம், எண்ணெயும் கிரீஸும் இருக்கற நம்ம சாமானுக்குள்ள அது போகவே கூடாது. லோட் ஷெட்டிங் (கரண்ட் கட்) இருந்தா நேரம் பாத்துட்டுப் போங்க, அப்போ காம்ப்ரசர் ஓடாது.

என்ன எண்ணெய் விடணும்?

98க்கு பெயிண்ட்பால் மார்க்கர் எண்ணெய், டேங்க் மாட்டற இடத்துல ரெண்டு மூணு சொட்டு விட்டு, டேங்க் மாட்டி பால் இல்லாம கொஞ்சம் சுட்டா உள்ள பரவிடும். டபிள்யூடி-40 வேணாம், ஓ-ரிங்குக்கு ஆகாது. நல்லெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய்னு வீட்டுல கெடக்கறதையும் விடாதீங்க (தேங்காய் எண்ணெய் விட்ட கன் ஒண்ணு வந்துச்சு, குளிர்காலத்துல உள்ள வெள்ளையா ஒறைஞ்சு கெடந்துச்சு). சிஓ2 ஓட்டறவங்க ஓ-ரிங் மாத்தும்போது யூரித்தேன் வாங்குங்க, ஹார்ட்வேர் கடை கறுப்பு ரப்பர் ஓ-ரிங் சிஓ2ல ஊதிப் போகும். கடலோரம் இருக்கறவங்க ஆடி முடிச்சதும் பின் போல்ட்டைத் துடைச்சு எண்ணெய் பூசி வைங்க, அது எஃகு, உப்புக் காத்துல துரு பிடிக்கும்.

ஏ-5ல சைக்ளோன் ஃபீடும் இருக்கு, ஆர்டியும் இருக்கு. ஒண்ணு சரியானா இன்னொண்ணு கெடுது.

ஏ-5ங்கறது டிப்மனோட இன்னொரு மாடல், சைக்ளோன் ஃபீட் அதுல கேஸ் வெச்சு சுத்தி பாலை உள்ள தள்ற பெட்டி. ரெண்டும் அதே மிச்ச கேஸ்லதான் பொழைக்குது. ஆர்டியை ஓவரா தொறந்தா சைக்ளோனுக்குப் பங்கு குறையும், அது முழுசா சுத்தாது, பால் வராது. ஆர்டி மூடின நிலைல சைக்ளோன் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முழுசா சுத்துதான்னு முதல்ல பாத்துட்டு, ஆர்டியைத் தொறக்கும்போது சைக்ளோன் தடுமாறுற இடத்துக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. ட்ரிகர் கொஞ்சம் மெதுவா இருந்தாலும் பால் இருக்கற கன்தான் கன்.

செகண்ட் ஹேண்ட் கிட் வாங்கலாமா?

வாங்கலாம். முதல்ல எந்த மாடலுக்கான கிட்டுன்னு கேளுங்க, பழைய 98 கஸ்டமுக்கும் பிளாட்டினம் சீரீஸுக்கும் கிட் வேற, ஏ-5க்கு வேற. மேல பிஸ்டனுக்குச் சொன்ன சிரிஞ்சு டெஸ்ட் பண்ணுங்க, நீடில் ஸ்க்ரூவோட தலை தேஞ்சு வழுக்குதான்னு பாருங்க, ஓஸ் எப்படியும் புதுசு போடணும்னு கணக்குல வெச்சுக்கோங்க.

ஆட்டோகாக்கர்லயும் நியூமேட்டிக்ஸ் இருக்கே, அதுவும் இதுதானா? ஆட்டோமேக் ஆர்டி?

ஆட்டோகாக்கர் கன் வேற கதை. அதுல முன்னால இருக்கற த்ரீ-வே (கேஸ் போற பக்கத்தை மாத்தற வால்வு), ரேம் (தள்ளற பிஸ்டன்), லோ பிரஷர் ரெகுலேட்டர் மூணும் சேந்து கன்னைக் காக் பண்ணுது, ட்ரிகரைத் தள்ளறது இல்ல. அங்க டியூனிங்னா டைமிங், முதல்ல சியர் விடணும், அதுக்கு அப்புறம்தான் த்ரீ-வே மாறணும், இந்த வரிசை தப்பினா பால் வெளிய போறதுக்குள்ள போல்ட் பின்னால வந்து கேஸ் மேல ஹாப்பருக்குள்ள அடிக்கும். அதுக்கு தனியா எழுதணும்.

ஏர்கன் டிசைன்ஸ் கம்பெனியோட ஆட்டோமேக் ஆர்டி கன்தான் நம்ம ஆர்டிக்கு அண்ணன் முறை. அங்க தனி சிலிண்டர் இல்ல, வால்வுக்குள்ள வர்ற அழுத்தமே ட்ரிகரைத் திருப்பித் தள்ளும், நீடில் ஸ்க்ரூவும் கிடையாது, உள்ள வர்ற அழுத்தம் கூடினா துள்ளல் கூடும், குறைஞ்சா குறையும்.

இ-கிரிப் நல்லதா, ஆர்டி நல்லதா?

இ-கிரிப் (எலக்ட்ரானிக் ட்ரிகர் வெச்ச கிரிப்) சீரா சுடும், விரல் பழக்கம் வேணாம், பேட்டரி வேணும், ஈரம் ஆகாது. மழைல, சேத்துல, மிட்லேண்ட்ஸ் காட்டுக்குள்ள ஆடறவங்களுக்கு நான் ஆர்டிதான் சொல்வேன், கெட்டுப் போனாலும் மரத்தடில உக்காந்து ஒரு ஆலன் கீயை வெச்சு சரி பண்ணிடலாம்.

புரட்டாசி மாசம் வீட்டுல விரதம், ஜெலட்டின் பால்னு அம்மா ஆட விட மாட்டேங்கறாங்க.

இது ஆர்டி கேள்வி இல்ல, ஆனா வருஷா வருஷம் வருது. ஓடு ஜெலட்டின், அது மாட்டுலேர்ந்தோ பன்னிலேர்ந்தோ வர்றது, அதை மறைக்க முடியாது. உள்ள இருக்கற கலர் பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால், தண்ணில கழுவினா போயிடும். மாஸ்க்ல அடி வாங்கினா வாய்க்குள்ள போகும், அதுவும் உண்மை. அம்மாகிட்ட ஜெயிக்க நான் வழி சொல்ல மாட்டேன், அந்த ஒரு மாசம் கன்னைப் பிரிச்சு கழுவி ஓ-ரிங் மாத்துங்க.

பசங்க பர்த்டே பார்ட்டிக்கு என் கன்னைக் குடுக்கலாமா, ஆர்டியோட?

ஆர்டியோட குடுக்காதீங்க. புதுசா பிடிக்கற பையன் பயத்துல விரலை ட்ரிகர்லேர்ந்து எடுக்கவே மாட்டான், ஆர்டி அவன் விரலைத் தள்ளிட்டே இருக்கும், பத்தடி தூரத்துல நிக்கற இன்னொரு பையன் முதுகுல ஏழெட்டு பால் வரிசையா விழும். நீடில் வால்வை முழுசா மூடி, வெலாசிட்டியை நல்லா கீழ எறக்கி, மறுபடி கிரோனோ பண்ணிட்டுக் குடுங்க. ஹாப்பர்ல பாதி பால் போட்டாப் போதும்.